கைக்குக் காவல் காலா?

சென்ற ஓண விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். பாறசாலைக்கு அருகே, களியக்காவிளைச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் சிற்றூர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை வேய்ந்த ஒரு தச்சுப் பட்டறை. அப்பா, பெரியப்பா மகனாகிய அண்ணன், உதவிக்கு ஒரு பையன் ஆகிய மூவர்தாம் அங்கே வேலையாட்கள்.

அன்று அண்ணன் பலாப்பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் அது புதுமையன்று. வட்டவாள் மெல்லச் சுழன்று ஓய்ந்தது. பற்களுக்கிடையே சிக்கியிருந்த மரச்சிம்பை அண்ணன் விரலால் இழுத்தெடுத்தார். எடுத்துவிட்டுத் துடைப்பத்துக்காகத் திரும்பினார். அந்தக் கணத்தில் மின்சாரம் வந்துவிட்டது. யாரும் எதையும் தொடவில்லை. வாள் தானாகவே சீறிச் சுழன்றது. அண்ணன் தம் கையைப் பார்த்தார். நாங்களும் அவர் கையைத்தான் பார்த்தோம். ஐந்து விரலும் இருந்தன.

காரணம் மேசைக்கு அடியில் கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன் மலிவாக வாங்கிப் பொருத்திய கால் சுவிட்சு அது. ஒருமுறை மிதித்தால் ஓடும். மறுமுறை மிதித்தால் நிற்கும். மின்சாரம் போனபோது அது 'ஓடு' என்ற நிலையிலேயே நின்றுவிட்டது. அப்பா அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நீ பிசிக்ஸுதானே படிக்க? எந்த சுவிட்சு வாங்கணும், சொல்லு மக்கா."

நண்பர்களே, முதுகலை வகுப்பில் அணுவின் உள்ளே எலக்ட்ரான் என்ன செய்யும் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த எனக்கு, அப்பாவின் அந்த ஒற்றை வினாவுக்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதன்பின் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படித்தேன், மின்பணியாளர்களைக் கேட்டேன், நூல்களைப் புரட்டினேன். அவ்வாறு தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன். நம்மில் பலருடைய வீட்டிலும், உறவினர் வீட்டிலும் இத்தகைய பட்டறைகள் உண்டு. ஆதலால் இது என் வீட்டுக் கதை மட்டுமன்று.

காலும் ஒரு கருவியே

எங்கள் பகுதி மரத்தோடு வாழும் பகுதி. பலா, அயனி, தேக்கு என்று தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கும். நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பழைய பலாமரத்தின் அடியைப் போற்றிக் காத்து வருகிறார்கள். மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்கு அஞ்சி அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எல்லைக்கு இப்பால் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை. மரவேலையின் மாண்புக்கு அதைவிடச் சான்று வேண்டுமா? 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது அரண்மனை நின்ற கல்குளம் வட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் சென்றது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதன்பின் சில ஆண்டுகள் கழித்து, பிழைப்புத் தேடி என் தாத்தா உளியும் கொட்டாப்புளியும் சுமந்து தக்கலைப் பக்கத்திலிருந்து பாறசாலைக்கு வந்தார். ஒரு பஸ் பயணத் தூரந்தான். ஆயினும் மாநிலம் மாறிவிட்டது. அன்றுமுதல் நாங்கள் 'அங்கிருந்து வந்தவர்கள்'.

தாத்தா தரையில் அமர்ந்து, மரத்தைக் கால்விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டு உளி பிடிப்பாராம். அவருக்குக் கால் மூன்றாவது கை. நெய்யாற்றின்கரைக்கு அப்பால் பாலராமபுரத்தில் குழித்தறி நெய்வோரைப் பாருங்கள். கைகள் நாடாவை ஓட்ட, குழிக்குள் தொங்கும் கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. தையற்காரரின் காலும் அப்படியே. இரு கைகளும் பொருளைப் பிடித்திருக்க, இயக்கத்தைக் காலுக்குக் கொடுப்பது நம் தொழில்களுக்குப் புதிதன்று.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தறியில் கால் ஓய்ந்தால் தறியும் ஓயும். அங்கே காலே விசை. மின்மோட்டாருக்கோ கால் வெறும் கட்டளை மட்டும் இடுகிறது. கட்டளையை நிறுத்திய பின்னும் இயந்திரம் ஓடக்கூடும். கட்டளை இடாமலும் ஓடக்கூடும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால், சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும் வழி தானே புலப்படும்.

மூன்று வகை

கால் சுவிட்சுகளை, அவை செய்யும் வேலையை நோக்கி மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மிதித்திருக்கும்வரை மட்டும் ஓடுவது. காலை எடுத்தால் நின்றுவிடும். தடுமாறினாலும், மயங்கி விழுந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் அறும்.

இரண்டாவது, ஒருமுறை மிதித்தால் ஓடி, மறுமுறை மிதித்தால் நிற்பது. எங்கள் பட்டறையில் இருந்தது இதுவே. கால் வலிக்காது என்பதால் பலரும் இதையே விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் ஓசையின்றி நிற்கும் இயந்திரத்தைப் பார்த்து, சுவிட்சு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஐயத்தோடு ஒருமுறை மிதித்துப் பார்ப்பவன், நிறுத்துவதாக எண்ணி ஓடவிட்டுவிடுவான்.

மூன்றாவது, நிறுத்துவதற்கு மட்டும் உதவுவது. இதை எத்தனை முறை மிதித்தாலும் இயந்திரம் ஓடாது, ஓடிக்கொண்டிருந்தால் நிற்கும். ஓட்டுவதற்குக் கையால் அழுத்தும் பொத்தான் தனியே இருக்கும்.

இனி, எந்த இயந்திரத்துக்கு எது?

சன்னமான ஜிக்சா வாளில் பூவேலை அறுக்கும்போது இரு கைகளும் பலகையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கடி நிறுத்தி, வாளைக் கழற்றி, அடுத்த துளைக்குள் நுழைக்கவும் வேண்டும். இதற்கு முதல் வகை மிகப் பொருத்தம். நிலைத் துளைப்பொறிக்கும் அப்படியே. ஒரு கை கைப்பிடியை இறக்க, மறு கை வேலைப்பொருளைச் சரிபார்க்க, கால் ஓட்டும். பொருளை மட்டும் கிடுக்கியால் இறுக்கிவிட வேண்டும். கையால் பிடித்தால் துரப்பணம் அதைச் சுழற்றிவிடும்.

வட்டவாள், இழைப்பு இயந்திரம், கடைசல் இயந்திரம் ஆகியவற்றுக்கு மூன்றாம் வகையே தக்கது. முதல் வகை இங்கே ஏன் ஆகாது என்று கேட்கலாம். நீண்ட பலகையை வாளுக்குள் தள்ளும்போது அறுப்பவர் அடியெடுத்து வைத்து நகர வேண்டும். இரு கால்களிலும் உடலின் பாரம் சமமாக ஊன்ற வேண்டும். ஒரு காலை மிதியில் கட்டிவைத்தால் ஒற்றைக்காலில் நின்று தள்ளுவதாக முடியும். பலகை வாளில் இறுகிப் பின்னோக்கி எகிறும் நேரத்தில் ஒற்றைக்கால் நிலை கையை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரு கைகளும் பலகையை அழுத்திக்கொண்டிருக்கையில், கையை எடுக்காமலே இயந்திரத்தை நிறுத்த வேண்டிய நேரம் வரும். அப்போது முழங்காலோ பாதமோ எட்டும் இடத்தில் ஒரு நிறுத்துபலகை இருந்தால் அது பெருந்துணை.

இரண்டாம் வகை எதற்குத்தான் உதவும்? மேசை விளக்குக்கும், தூசி உறிஞ்சும் கருவிக்கும் உதவும். வெட்டும் கருவிக்கு வேண்டவே வேண்டாம்.

பத்து ஆம்பியர் என்னும் மயக்கம்

கழற்றிய சுவிட்சின் அடியில் '10 ஆம்பியர், 250 வோல்ட்டு' என்று பொறித்திருந்தது. எங்கள் வட்டவாளின் மோட்டார் 2 குதிரைத்திறன். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குதிரைத்திறன் 746 வாட்டு. இரண்டு 1,492 வாட்டு. இது மோட்டார் வெளியே கொடுப்பது. அதன் பயனுறு திறன் நூற்றுக்கு 75 என்று கொண்டால், உள்ளே வாங்குவது ஏறத்தாழ 1,990 வாட்டு. திறன் காரணி 0.8 என்று கொள்வோம். 230 வோல்ட்டில் மின்னோட்டம் ஏறத்தாழ 10.8 ஆம்பியர் ஆகிறது. "பத்துக்கும் பதினொன்றுக்கும் அதிக தூரமில்லையே" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பிழை அங்கேதான்.

அந்த 10 என்பது விளக்கு, அடுப்பு போன்ற எளிய சுமைக்குச் சொன்ன எண். மோட்டார் அப்படியன்று. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஓடும்போது வாங்குவதைப்போல் ஆறு மடங்கு மின்னோட்டம் வாங்குவது இயல்பு. அப்படியானால் எங்கள் மோட்டார் கிளம்பும் கணத்தில் 65 ஆம்பியர்! நிறுத்தும்போதும் தொல்லை உண்டு. மோட்டாரின் கம்பிச்சுருள்கள் மின்னோட்டம் திடீரென்று அறுவதை எதிர்க்கின்றன. சுவிட்சின் இரு தொடுமுனைகளுக்கு இடையே பொறி பறக்கிறது. நாள்தோறும் இப்பொறியில் முனைகள் உருகி, கருகி, ஒருநாள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அன்று காலை எடுத்தாலும் வாள் நிற்காது.

ஆகவே மோட்டாரின் மின்னோட்டம் முழுவதையும் கால் சுவிட்டின் வழியே ஓடவிடுவது முறையன்று. பம்பு செட்டுக்கு வைக்கும் ஸ்டார்ட்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், உள்ளே ஒரு மின்காந்தம். அந்த மின்காந்தம் இழுக்கும் பெரிய தொடுமுனைகளே மோட்டாருக்குரிய மின்னோட்டத்தைத் தாங்குகின்றன. மின்காந்தத்தின் சுருளுக்கு வேண்டியதோ, இழுத்துப் பிடித்த பின், ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கால் சுவிட்சு அந்தச் சிறு மின்னோட்டத்தை மட்டும் ஆண்டால் போதும். அப்போது சிறிய சுவிட்சும் நெடுநாள் உழைக்கும். சுருளை ஒரு சிறு மின்மாற்றி வைத்து 24 வோல்ட்டில் இயங்குவதாக அமைத்துக்கொண்டால் இன்னும் நன்று. தரையில் கிடக்கும் கம்பி தேய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து இராது.

போன மின்சாரம் திரும்பும்போது

இந்த ஸ்டார்ட்டரில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அண்ணனின் விரல்களுக்கு உரிய நன்மை அது. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் மின்காந்தம் இழுக்கிறது. இழுத்தபின் தன் தொடுமுனை ஒன்றின் வழியாகவே தனக்கு மின்சாரம் பெற்று, பிடித்ததைப் பிடித்தபடி இருக்கிறது. மின்சாரம் போனால் காந்தம் சோர்ந்து முனைகள் விலகுகின்றன. மின்சாரம் திரும்பினாலும் முனைகள் மீண்டும் சேரா. மனிதன் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். இச்சுருளைத்தான் மின்பணியாளர்கள் 'நோ வோல்ட் காயில்' என்கிறார்கள்.

நிறுத்துமிதியைச் சிவப்புப் பொத்தானோடு தொடராக இணைக்க வேண்டும். மிதிக்காத நிலையில் அதன் முனைகள் சேர்ந்திருக்கும், மிதித்தால் பிரியும். இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். மிதிக்குப் போகும் கம்பி எலி கடித்து அறுந்தாலும் மின்காந்தம் விட்டுவிடும்; இயந்திரம் நிற்கும். மிதித்தால் முனை சேரும்படி மாற்றி அமைத்திருந்தால், அறுந்த கம்பியை எத்தனை முறை மிதித்தும் பயனிராது. பழுதானாலும் பாதுகாப்பான பக்கமே பழுதாக வேண்டும் என்பது பொறியியலின் நல்ல நெறி.

சில பட்டறைகளில் கையில் பிடித்து அறுக்கும் வாளை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, அதன் விரல்விசையைக் கயிற்றால் கட்டிவிட்டு, கால் சுவிட்டால் ஓட்டுகிறார்கள். செய்பவர் அமைத்த காவலை நாமே கட்டிப்போடுவதாகும் இது. மின்சாரம் திரும்பினால் அதுவும் தானே சுழலும்.

தையல் மிதி உதவுமா?

"வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தையல் மிதியை மாட்டினால் என்ன?" என்றும் அண்ணன் கேட்டார். நல்ல வினா. வீட்டுத் தையல் இயந்திரத்தில் மிதியழுத்தத்துக்கு ஏற்ப வேகம் மாறும் மோட்டார் பெரும்பாலும் கரித்துண்டு வைத்தது. மின்னழுத்தம் குறைந்தால் வேகம் குறையும். வட்டவாளில் இருப்பதோ தூண்டல் மோட்டார். அதன் வேகத்தை ஆள்வது மின்சாரத்தின் அதிர்வெண். நம் நாட்டில் அது வினாடிக்கு 50. இருமுனை மோட்டாரானால் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3,000 சுற்று. மோட்டார் சற்றே பின்தங்கி 2,880 அளவில் ஓடும். மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் முறுக்குவிசை நாலில் ஒரு பங்காகிவிடும். மரத்துக்குள் வாள் திணறும். சுருள் சூடேறிப் புகையும். அதிர்வெண்ணை மாற்றும் மின்னணுக் கருவியே இதற்கு வழி. அக்கருவி வைத்தவர்கள், கால் சுவிட்டை அதன் கட்டளை முனைகளில் இணைக்க வேண்டும். கருவிக்கும் மோட்டாருக்கும் இடையே இணைத்தால் கருவி கெடும்.

தூசியும் ஈரமும் தவறான அடியும்

பட்டறைத் தரையில் மரத்தூள் குவியும். கூரை ஒழுகினால் ஈரமும் சேரும். ஆகவே சுவிட்சின் உறையில் 'ஐ.பி.' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசியைப் பற்றியது: 5 என்றால் கெடுதல் செய்யும் அளவு தூசி புகாது, 6 என்றால் தூசியே புகாது. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது: 4 என்றால் எப்பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். பட்டறைக்கு 54க்குக் குறையாமல் வாங்குவது நல்லது.

ஓட்டும் மிதிக்கு மேலே தொப்பிபோல் ஒரு மூடி இருக்க வேண்டும். பாதத்தை வேண்டுமென்றே உள்ளே நுழைத்தால்தான் அழுத்த முடியும். அறுத்த துண்டு விழுந்தோ, நாய் மிதித்தோ, பையன் பின்வாங்கும்போது குதிகால் பட்டோ இயந்திரம் ஓடிவிடலாகாது. நிறுத்துமிதிக்கு மூடி கூடாது. அது அகன்றும், சிவந்தும், எப்படி மிதித்தாலும் அகப்படும்படியும் இருக்க வேண்டும். ஓட்டுவது அரிதாகவும் நிறுத்துவது எளிதாகவும் இருக்க வேண்டும் என்று மனத்தில் கொள்க.

உறை இரும்பானால் மூன்றாவது கம்பியாகிய நிலத்தொடர்பு கட்டாயம் வேண்டும். நம்மவர் வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று மிதிப்பவர்கள். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. ஒன்றையும் பட்டறைக்கு வைத்துவிட வேண்டும்.

சுவிட்சால் ஆகாதது

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். 10 அங்குல வட்டவாள் நிமிடத்துக்கு 2,880 சுற்று, அதாவது வினாடிக்கு 48 சுற்றுச் சுழல்கிறது. அதன் விளிம்பின் வேகம் வினாடிக்கு 38 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 138 கிலோமீட்டர். ஆபத்தைக் கண்டு நாம் அசைவதற்குக் கால் வினாடியாவது ஆகும். அதற்குள் வாள் 12 முறை சுற்றிவிடும். 40 பல் வாளானால் 480 பற்கள் அவ்விடத்தைக் கடந்துவிடும். மின்சாரம் அறுந்த பின்னும் வாள் சிறிது நேரம் சுழன்றுதான் ஓயும். ஆகவே விரலைக் காப்பது முதலில் வாளின் மேல்மூடி, அடுத்து வாளுக்குப் பின் நின்று பலகை இறுகாமல் பிரிக்கும் தகடு, அடுத்துத் தள்ளுகோல். கால் சுவிட்சு இவற்றுக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999இல் ஒரு வழி கண்டார். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற வழக்கறிஞர் அவர். வாளில் மெல்லிய மின்குறிப்பு ஒன்று ஓடுகிறது. மனித உடல் பட்டதும் அது மாறுகிறது. உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து, 5 மில்லி வினாடி அளவில் வாளை நிறுத்திவிடுகிறது. காலும் கண்ணும் செய்ய முடியாததை அது செய்கிறது. அத்தகைய இயந்திரம் எங்கள் தகரக் கூரைக்குள் வருவது எளிதன்று.

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான பகுதிகளுக்கு வேலியிட வேண்டும் என்றது. நெருக்கடியில் மின்விசையைத் துண்டிக்கும் அமைப்பு ஒவ்வொரு வேலையறையிலும் வேண்டும் என்றது. ஆனால் மின்விசை பயன்படும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கியது. மூவர் வேலை செய்யும் எங்கள் பட்டறையை எந்த எண்ணால் பெருக்குவது? அங்கே ஆய்வாளர் வரமாட்டார். ஆய்வாளரின் வேலையை வீட்டில் படித்த பிள்ளை செய்தால்தான் உண்டு.

விடுமுறை முடிவதற்குள் மின்பணியாளர் ஒருவரை அழைத்து வட்டவாளுக்கு ஸ்டார்ட்டர் வைத்தோம். அகன்ற நிறுத்துமிதி ஒன்றை வலக்கால் எட்டும் இடத்தில் பொருத்தினோம். துளைப்பொறிக்கு மூடியுள்ள மிதி வாங்கினோம். "ரெண்டு நாள் கூலி போச்சே" என்றார் அப்பா. பிறகு, வாள் ஓடும்போது மெயின் சுவிட்டை அணைத்து மீண்டும் போடச் சொன்னார். போட்டேன். வாள் அசையவில்லை. மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாம் முறையும் வாள் சும்மா இருந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் தள்ளுகோலை எடுத்துப் பலகையின் பின்னே வைத்தார்.

தோழர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். கைகளையெல்லாம் மேசையிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டு, ஓடும் இயந்திரத்துக்கு மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். அது தானே ஓடினால், அன்றே மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.